வசுவாசி முழுசா, ஒடஞ்சதா?



இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கொழும்பில் நடக்கவிருக்கும் வர்த்தகக் கண்காட்சிக்குக் கணவர் இரண்டு ஆண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறாராம். பத்து வயது மகள் தானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். "அந்தச் சனத்துக்குள்ள பொம்புளப் புள்ள என்னத்துக்கு?" என்று மாமியார் கேட்கிறாராம். என்ன செய்யலாம் என்று என் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். இரண்டு பக்கக் கடிதத்தில், தான் போவதைப் பற்றி அந்தச் சகோதரி ஒரு வரிகூட எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

பதில் சொல்ல முன்பு 1952 ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் நான் சொன்ன ஒரு பொய்யும் இருக்கிறது. இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தில் எத்தனையோ எழுதியும் அதை மட்டும் எழுதத் துணிவு வரவில்லை.

எனக்கு அப்போது 9 வயது. மாத்தளை கொங்காவெலயில் எங்கள் வீடு. வாப்பாவுக்குத் திருகோணமலை வீதியில் சிறிய சரக்குக் கடை. உக்குவளை, இரத்தோட்டை ஊர்களிலிருந்து மிளகு, ஏலக்காய், கொக்கோ, சாதிக்காய் எல்லாம் தலைச்சுமையாகவும் மாட்டு வண்டியிலும் கடைக்கு வரும். கடையில் வாங்குவது வாப்பா. ஆனால் அந்தச் சரக்கு சரக்காவது எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில், உம்மாவின் கையில்.

இக்காலப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். சாதிக்காய்ப் பழம் பழுத்து வெடித்தால் உள்ளே பளபளவென்று கறுத்த ஒரு கொட்டை இருக்கும். அந்தக் கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை பின்னியதுபோல் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் வசுவாசி. புத்தகத் தமிழில் சாதிபத்திரி என்பார்கள். ஒரே பழத்தில் இரண்டு சரக்கு. கொட்டையைக் காயவைத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டை உடைக்கலாம். வசுவாசியோ அவசரக்காரிக்கு ஆகாத சாமான். நுனியிலிருந்து மெதுவாகக் கழற்றி, உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் தட்டையாக அமர்த்தி, பாயில் பரப்பிக் காயவைக்க வேண்டும். இரத்தச் சிவப்பு மங்கி மங்கி மஞ்சளாகும். முழுசாக வந்தால் ஒரு விலை. ஒடிந்துபோனால் வேறு விலை. மழை இருண்டு வந்தால் உம்மா முதலில் பாயைத்தான் தூக்குவார். தொட்டிலில் கிடக்கும் தம்பி பிறகுதான் என்று மாமி பகிடி பண்ணுவார். உம்மா தலையைத் தடவினால் என் தலைமுடியில் அன்று முழுக்க வசுவாசி மணக்கும்.

தரம் பிரித்த சரக்கைச் சாக்கில் கட்டி வாப்பா கொழும்புக்கு, பழைய சோனகத் தெருவுக்கு அனுப்புவார். அதன் பிறகு அது எங்கே போகிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால் "கப்பலுக்குப் போகுது" என்பார். கப்பல் எங்கே போகிறது என்று உம்மா கேட்டதை நான் கேட்டதில்லை.

1952 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஊரெல்லாம் கொழும்பு எக்ஸிபிஷன் பற்றியே பேச்சு. கொழும்புத் திட்டக் கண்காட்சி என்பது அதன் பெயர். 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பில் கூடிப் பேசியதிலிருந்து பிறந்தது கொழும்புத் திட்டம். ஆசியாவின் ஏழை நாடுகளுக்குப் பணமும் இயந்திரமும் படிப்பும் கொடுத்துத் தூக்கிவிடுவது அதன் நோக்கம். 1951 ஜூலை முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் நம் பிள்ளைகள் பலர் கொழும்புத் திட்டப் புலமைப்பரிசிலில்தான் அவுஸ்திரேலியாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்ப் படித்து வந்தார்கள். அந்தத் திட்டத்தின் பேரில் பல நாடுகளைக் கூப்பிட்டு நடத்திய கண்காட்சி அது. நாடு சுதந்திரம் அடைந்து அப்போதுதான் நாலு வருடம்.

இதில் ஒரு விஷயம் உண்டு. வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு நம் நாட்டுச் சரக்கு போவது அன்று புதிதல்ல. 1851 இல் இலண்டனில் நடந்த பெரிய கண்காட்சிக்கே இலங்கைப் பொருட்கள் போயிருக்கின்றன. 1893 இல் அமெரிக்காவின் சிக்காகோவில் இலங்கைக்கென்று தனி மண்டபமே இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் சரக்கு மட்டும் போகவில்லை. ஜெர்மனியின் ஹம்பர்க்கைச் சேர்ந்த ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரி 1880களில் இங்கிருந்து யானைகளோடு ஆண், பெண், குழந்தைகளையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் வேலிக்குள் நிறுத்தி, டிக்கட் போட்டுக் காட்டினார். எழுதவே நாக்கூசுகிறது. அப்படிப்பட்ட நாட்டில், நாமே வீட்டுக்காரராக வாசலில் நின்று மற்ற நாடுகளை வரவேற்றோம் என்பதன் பெருமை 9 வயதுப் பிள்ளைக்குப் புரியாது. வாப்பாவுக்குப் புரிந்திருந்தது.

நானாவைக் கூட்டிப் போவதாகத்தான் ஏற்பாடு. அவருக்குப் புதுச் சப்பாத்தும் வாங்கியாகிவிட்டது. ஒருநாள் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உம்மா, திரும்பிப் பார்க்காமலே, "நானும் வரட்டா?" என்று கேட்டார். வாப்பா பதில் சொல்ல முன்பே திண்ணையிலிருந்து வாப்பும்மா சொன்னார்: "இந்த ஊட்டுப் பொம்புளயள் கண்டிக்கு அங்கால போனதில்ல. போனா கலியாணம் முடிச்சிப் போனதுதான்." வாப்பா ஒன்றும் பேசவில்லை. உம்மாவும் மறுபடி கேட்கவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்க நானாவுக்குக் கன்னம் இரண்டும் வீங்கிக் கூகைக்கட்டு வந்துவிட்டது. வாப்பா தனியே போகத் தயாரானபோது, உம்மாதான் என்னை இழுத்து முன்னால் நிறுத்தினார். "இவளக் கூட்டிப் போங்க. சின்னப் புள்ளதானே. இவளுக்கு யாரு என்ன சொல்ற?" வாப்பும்மா முறைத்தார், ஆனால் சின்னப் பிள்ளை என்பதற்குப் பதில் சொல்ல அவரிடமும் வழியில்லை. நானாவின் சப்பாத்துக்குள் பஞ்சு அடைத்து என் காலில் போட்டுவிட்டார் உம்மா. வாசலில் வைத்துக் காதில் சொன்னார்: "எல்லாத்தையும் நல்லாப் பாத்துட்டு வா மகள். வந்து எனக்குச் சொல்லு."

மாத்தளை ரயில் பாதை 1880 ஆம் ஆண்டு போட்டது. விடியற்காலைக் கோச்சியில் ஏறி, கண்டியில் மாறி, கடுகண்ணாவை இறக்கத்தில் சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து வெளியே வரும்போது வாப்பா என் கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னார், கரித்தூள் விழும் என்று. நான் பொத்தவில்லை. எல்லாத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறாரே உம்மா! கொழும்பில் வந்து இறங்கும்போது ஒரு கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. புதுச்சோனகத் தெருவில் வாப்பாவின் சாச்சி வீட்டில் தங்கினோம். தெருவில் அப்போது ஓடிய ட்ராம் வண்டியை அன்றுதான் கண்டேன். மாடும் இல்லை, புகையும் இல்லை, ஆனால் ஓடுகிறது. அதைக் கண்டதோடு எனக்குக் கண்காட்சி முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் கண்காட்சிக்குப் போனோம். சகோதரிகளே, உள்ளதைச் சொல்கிறேன். நான் அங்கே அதிகமாகப் பார்த்தது முதுகுகளைத்தான். சாரம் கட்டிய முதுகு, கோட்டுப் போட்ட முதுகு, சாரி முந்தானை, பிள்ளை தூங்கும் தோள். எல்லா நாட்டுக் கொடியும் தலைக்கு மேலே பறந்தன. ஒலிபெருக்கி ஓயாமல் இங்கிலீசில் பேசியது. வாப்பாவின் துருக்கித் தொப்பியின் குஞ்சத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒரு கட்டத்தில் நான் பின்தொடர்ந்த குஞ்சம் வேறொருவருடையது என்பது, அவர் திரும்பிச் சிரித்தபோதுதான் தெரிந்தது. அந்த மனிதர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "யாருட புள்ள? யாருட புள்ள?" என்று கூவினார். வாப்பா ஓடி வந்தார். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. அதன் பிறகு அந்தி சாயும்வரை என் மணிக்கட்டை அவர் விடவேயில்லை. அஸர் தொழும்போது மட்டும் விட்டார். புல்லில் துவாயை விரித்துத் தொழுதார். நான் சப்பாத்துகளுக்குக் காவல் இருந்தேன். நானாவின் சப்பாத்து கடித்துக் குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

வாப்பா என்னைத் தூக்கிக் காட்டியபோது ஒரு டிராக்டர் பார்த்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் சக்கரம் வாப்பாவை விட உயரம். பாகிஸ்தானின் பகுதிக்குள் போனபோது நெரிசல் தாங்கவில்லை. அந்த நாடு பிறந்து ஐந்து வருடம்கூட ஆகாத காலம். நம்மவர்கள் அங்கே அப்படித்தானே கூடுவார்கள்! வாப்பா எட்டி எட்டிப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு இலங்கைப் பொருட்கள் வைத்திருந்த இடத்துக்கு வந்தோம். வாப்பா ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். நின்றவர் நின்றவர்தான். உள்ளே கிண்ணங்களில் மிளகு, ஏலம், கறுவா, சாதிக்காய். குனிந்து, மூக்கு கண்ணாடியில் முட்டும்வரை பார்த்தார். பிறகு என்னிடமா தன்னிடமா என்று தெரியாதபடி, "நம்மட ஊட்டுச் சரக்கு இதவிட நல்லம்" என்றார். எனக்குக் கால் வலி. கண்ணாடியில் தெரிந்த விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு, எப்போது போவோம் என்று நின்றேன்.

ஊருக்குத் திரும்பியது இரவில். வாப்பா உம்மாவுக்கு ஒரு சாரித்துணியும், ஒரு கடதாசி உறையும் கொடுத்தார். உறைக்குள் இரண்டு முத்திரைகள். கண்காட்சிக்காகத் தபால் திணைக்களம் அந்தப் பெப்ரவரி 23 ஆம் திகதி வெளியிட்டவை: 5 சதத்தில் பச்சை, 15 சதத்தில் நீலம். பாராளுமன்றச் செங்கோலும், முன்னேற்றத்தைக் காட்டும் சின்னங்களும் அதில் இருக்கும். உம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. அரபுத்தமிழ் நன்றாக வாசிப்பார். ஆகவே உறையின் மேல் வாப்பா அரபுத்தமிழில் "கொழும்பு எக்ஸிபிஷன், ஹிஜ்ரி 1371" என்று எழுதியிருந்தார். உம்மா அந்த உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இனிச் சொல்லு மகள். நம்மட சாமான் இருந்திச்சா?"

இருந்தது என்றேன்.

"வசுவாசி?"

இருந்தது என்றேன்.

"முழுசா, ஒடஞ்சதா?"

எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்றும் நான் பார்க்கவில்லை. ஒரு கண்காட்சி முழுவதிலும் உம்மாவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு செய்திதான். தான் வருடம் முழுக்கக் குந்தியிருந்து உடையாமல் கழற்றியதை, உலகத்துக்கு முன்னால் வைக்கும்போது முழுசாக வைத்தார்களா, ஒடிந்ததை வைத்தார்களா? வாப்பாவைக் கேட்டிருக்கலாம். அவர் பள்ளிக்குப் போய்விட்டார். உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"உம்மா, பாகிஸ்தான்ட எடத்தில ஒரு குர்ஆன் இருந்திச்சி. தங்கத்தில எழுதின. ஒவ்வொரு எழுத்தும் இவ்வளவு பெரிசு."

கையை விரித்துக் காட்டினேன்.

உம்மாவின் முகம் மலர்ந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. "சுப்ஹானல்லாஹ்" என்றார். வசுவாசியை மறந்துவிட்டார், அல்லது மறந்ததாக நான் நினைத்தேன். அன்றிரவும் மறுநாளிரவும் அந்தக் குர்ஆனைப் பற்றியே கேட்டார். எந்தச் சூராவின் பக்கம் திறந்திருந்தது? ஓரத்தில் பூ வேலை இருந்ததா? யாராவது தொட்டார்களா? நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பொய்க்குப் பசி அதிகம். நாளுக்கு நாள் தீனி போட வேண்டியிருந்தது. மார்ச் 22 ஆம் திகதி பிரதமர் டி.எஸ். சேனநாயக்க காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்ததனால் காலமான செய்தி வந்து ஊரே அதைப் பேசிய நாட்களில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

அந்த வருடம் மே மாதக் கடைசியில் நோன்பு வந்தது. தராவீஹுக்கு எங்கள் தெருப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். தொழுகை முடிந்து கஞ்சிக் கோப்பையோடு உட்காரும்போது உம்மா கண்காட்சியைப் பற்றிச் சொல்வார். கண்டிக்கு அங்கால போகாத உம்மா, கொழும்பில் தானே நடந்து திரிந்ததுபோல் ட்ராம் வண்டியையும் கொடிகளையும் டிராக்டர் சக்கரத்தையும் சொல்வார். கடைசியில் தங்கக் குர்ஆன் வரும். பெண்கள் எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார்: "எங்கட மகனும் போனான்தானே. அப்பிடி ஒரு குர்ஆன் இல்லயாம்."

உம்மா வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் கேட்டார். நான் அறைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வாப்பா உடனே பதில் சொல்லவில்லை. கதவிடுக்கில் என் கால் தெரிந்திருக்க வேண்டும். "பெரிய சனம்" என்றார் கடைசியில். "நான் எல்லாத்தையும் பாக்கல்ல. புள்ள பாத்திருப்பா." அதற்கு மேல் அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

பிறகு நான் படித்தேன், ஆசிரியையானேன், பிள்ளைகள் பிறந்தார்கள். வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளைத் தண்டிக்கும் நேரமெல்லாம் எனக்குள் அந்தக் குர்ஆன் திறந்து மூடும். 1981 இல் உம்மா நோயாகிப் படுத்திருந்தபோது ஒரு மாலை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

உம்மா சிரித்தார். "அது எனக்கு அப்பவே தெரியும்."

"எப்பிடி உம்மா?"

"முந்தின நாள் எழுத்து சாண் அளவு எண்டா. அடுத்த நாள் முழம் எண்டா. அடுத்த கெழம கதவளவு எண்டா."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

"கேட்டா நீ சொல்றத நிப்பாட்டிடுவியே மகள். எனக்கு வேறு யாரு வந்து சொல்ற?"

நான் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து உம்மா கேட்டார்: "உண்மையச் சொல்லு. வசுவாசி முழுசா, ஒடஞ்சதா?" 29 வருடம்! வாப்பாவைக் கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டேன். முழுசாத்தான் எண்டார். அவர் என்ட மனசுக்காகச் சொல்றவர்" என்றார்.

கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் எத்தனை தடவை கேட்டிருப்போம். அவர்களுடைய சரக்கு ஷாம் தேசத்துச் சந்தைக்குப் போனது. கொண்டுபோனவர் நமது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நபித்துவம் கிடைக்க முன்பு. நாயகி மக்காவில் இருந்தார்கள். கூடப்போன ஊழியர் மைஸரா திரும்பி வந்து பிரயாணத்தில் கண்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தக் கணக்கில் இலாபம் மட்டும் இருக்கவில்லை. ஒரு மனிதரின் நம்பிக்கையும் நேர்மையும் இருந்தன. நாயகிக்கு ஓர் உண்மையுள்ள மைஸரா இருந்தார். என் உம்மாவுக்கு நான் வாய்த்தேன்.

இரத்தோட்டைச் சகோதரிக்கு என் பதில் இதுதான். மகளைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நீங்களும் போங்கள். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் மிளகு உலர்த்தும் வேலைக்கிடையில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தம்புள்ளை வீதி நெடுக வெளிநாட்டுப் பயணிகளுக்கான வாசனைத் திரவியத் தோட்டங்கள் இருக்கின்றன. ஆனால் மிளகைக் காயவைத்த கை எந்தக் கண்காட்சி மேசைக்குப் பின்னாலும் தெரிவதில்லை. அது ஒரு தடவையாவது முன்னால் போய் நிற்கட்டும். மாமியாரையும் கூப்பிடுங்கள், வரமாட்டேன் என்பார், இரண்டாம் தடவையும் கேளுங்கள். கூட்டம் கூட முன்பு காலையிலேயே போய்விடுங்கள். பிள்ளையின் சட்டைப்பையில் தொலைபேசி இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வையுங்கள், நெரிசலில் தவறிவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று முதலிலேயே ஓர் இடத்தைக் காட்டி வையுங்கள். தொழ எங்கே வசதி என்று போனதும் விசாரித்துக்கொள்ளுங்கள். பழகின சப்பாத்தைப் போட்டுவிடுங்கள். சிறு பிள்ளையை இடைக்கிடை தூக்கிக் காட்டுங்கள். முதுகுகளை மட்டும் பார்த்துவிட்டு வந்த பிள்ளை வீட்டில் வேறு எதைச் சொல்லும்?

உம்மா 1994 இல் வபாத்தானார். தகரப்பெட்டியில் தஸ்பீஹுக்கும் கண்ணாடிக்கும் இடையில் அந்த உறை இருந்தது. இரண்டு முத்திரையும் பசை நீங்காமல் அப்படியே.

இன்னும் ஒன்று இருக்கிறது. என் கடைசி மகன் குடும்பத்தோடு துபாயில் இருக்கிறான். அங்கே 2021 ஒக்டோபர் முதல் 2022 மார்ச் வரை எக்ஸ்போ என்ற உலகக் கண்காட்சி நடந்தது. 190க்கும் மேற்பட்ட நாடுகள் வந்திருந்தன, இலங்கையும் இருந்தது. 2022 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஒரு நாள் அவர்கள் போய்விட்டு வந்து, இரவு வட்ஸ்அப்பில் கூப்பிட்டார்கள். எட்டு வயதுப் பேத்தி போனைப் பறித்துக்கொண்டாள். அவர்களுடைய இலங்கை மண்டபத்தைப் பற்றிக் கேட்டேன். பிறகு, நான் கேட்கப் போவது எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன்:

"மகள், அங்க வசுவாசி வச்சிருந்தாங்களா? முழுசா, ஒடஞ்சதா?"

பிள்ளை விழித்தாள். "அத நான் பாக்கல்ல, வாப்பும்மா" என்றாள். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். அவள் முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் முகம். பிறகு கண் பெரிதாகச் சொன்னாள்:

"ஆனா பாகிஸ்தான்ட மண்டபத்தில தங்கத்தில ஒரு குர்ஆன் இருந்திச்சி! எழுத்தெல்லாம் தங்கம்!"

எனக்குக் கை நடுங்கியது. அல்லாஹ்வே, இது இந்தக் குடும்பத்தில் இரத்தத்தில் வருகிறதா என்று நினைத்தேன். "பொய் சொல்லக் கூடாது மகள்" என்றேன். பிள்ளை அழுதுவிட்டாள்.

மகன் போனை வாங்கினான். "ஏன் உம்மா அவளை ஏசுறீங்க? உண்மைதானே" என்றான். கராச்சியைச் சேர்ந்த ஷாஹித் ரஸ்ஸாம் என்ற கலைஞர், அலுமினியத்தில் எழுத்துக்களை வார்த்துத் தங்க முலாம் பூசிப் பெரிய குர்ஆன் ஒன்றை ஆக்கிக்கொண்டிருக்கிறாராம். அதன் ஒரு பகுதியை, சூரா அர்ரஹ்மானை, பாகிஸ்தான் மண்டபத்தில் வைத்திருந்தார்களாம். படம் அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துக்கள் மஞ்சளாக மின்னின. 1952 இலிருந்து 2022 வரை 70 வருடம்.

பேத்தியைத் திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மன்னித்தாள். "எழுத்து எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மறுநாள் கூப்பிட்டுத் திரும்பவும் கேட்டேன். அதே அளவுதான் காட்டினாள்.